பாடகரிடம் வினாத்தாளைக் கொடுக்கும் முன்

குரல் சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே நன்றாகக் கற்றுக்கொள்வது கூட்டல் கணக்கு. பாடகர் நிரப்பிக் கொடுத்த தாளை வாங்குகிறார்கள், கால்குலேட்டரைத் தட்டுகிறார்கள், கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் ஓர் எண்ணை எழுதுகிறார்கள், தாளைக் கோப்புக்குள் செருகிவிடுகிறார்கள். அந்த எண் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாடகர் அந்தத் தாளை நிரப்பியது யாராவது உட்கார்ந்து படிப்பார்கள் என்று நம்பி. சென்னையில் கர்நாடக சங்கீதக்காரர்களையும் மெல்லிசை மேடைக்காரர்களையும் ஓதுவார்களையும் நெடுநாள் பார்த்தவள் என்ற உரிமையில் உங்களுக்குச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. பேசும் குரலுக்கான தாளைப் பாடகரிடம் கொடுத்துவிட்டு, "மேடம், இவங்களுக்கு ஒண்ணும் இல்ல, ஸ்கோர் ஒம்பதுதான்" என்று வராதீர்கள்.

நாம் எடுத்ததும் நீட்டுகிற வாய்ஸ் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 1997-இல் அமெரிக்காவில் பார்பரா ஜேகப்சனும் குழுவினரும் வெளியிட்டது. 30 கேள்விகள். அன்றாடக் காரியம், உடம்பில் தெரிவது, மனம் படும் பாடு என்று மூன்று பகுதி, பகுதிக்குப் பத்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, ஆக மொத்தம் 120. போனில் பேசுவதைக் குறைத்துவிட்டீர்களா, இரைச்சலான இடத்தில் உங்கள் பேச்சு பிறருக்குப் புரிகிறதா என்ற மாதிரியான கேள்விகள். தார ஸ்தாயிப் பஞ்சமத்தில் நிற்க முடியாமல் தவிக்கிற பெண் இவற்றுக்கெல்லாம் சைபர்தான் போடுவார். அது பொய்யில்லை.

ஏன் என்று கணக்கோடு பாருங்கள். அவர் ஐந்து கட்டையில் பாடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ் பக்கம். வீட்டில் பேசுகிற குரலும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் இருக்கும். தார ஷட்ஜம் 392, அதற்கு மேல் பஞ்சமம் 587. பேசும்போது குரல்நாண்கள் தடித்து, தளர்ந்து, முழு அகலத்தில் ஒட்டுகின்றன. ஓரத்தில் சின்ன வீக்கம் இருந்தாலும் அது அமுங்கிப்போகும். மேலே போகப் போக நாண்கள் இழுபட்டு மெலிகின்றன, ஓரங்கள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. அப்போது அந்தச் சின்ன வீக்கமே இரண்டையும் சேரவிடாமல் தடுக்கும், காற்று கசியும், ஸ்வரம் பிடிபடாது. அவரோடு போனில் பேசுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சுருதிப்பெட்டி ஓடும்போதுதான் தெரியும்.

இதற்காகவே சேத் கோஹனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007-இல் பாடகர்களுக்கென்று சிங்கிங் வாய்ஸ் ஹேண்டிகேப் இண்டெக்ஸைக் கொண்டுவந்தார்கள். 36 கேள்விகள், மொத்தம் 144. 2009-இல் பத்துக் கேள்விச் சுருக்கமும் வந்தது. முதல் தடவை வருகிறவருக்கு முழுத்தாளையே கொடுங்கள். சுருக்கம் மறுபடி வருகிறவருக்கு.

2. பாட்டு டீச்சர் வந்தால் இரண்டு தாளும் கொடுக்க வேண்டும். குரல் மேடையில் இரண்டு மணி நேரம் பாடி வீணானதா, காலை மாலை வகுப்பில் "இன்னொரு தரம் சொல்லு" என்று கத்தி வீணானதா என்பது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் புலப்படும். என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டாவது.

3. தாளை எங்கே, எப்போது, யார் பக்கத்தில் இருக்க நிரப்புகிறார் என்பதில் கவனம் வேண்டும்.

குருவோடு வந்த சிஷ்யை குருவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "பாட வெட்கமாக இருக்கிறது" என்பதற்கு நான்கு போடமாட்டாள். அம்மாவோடு வந்த பையனும் அப்படியே. கூட வந்தவர்களை மரியாதையாக வெளியே காபிக்கு அனுப்பிவிடுங்கள். ஸ்ட்ரோபோஸ்கோப்பி பார்ப்பதற்கு முன்பே தாள் கைக்கு வந்துவிட வேண்டும். தன் குரல்நாணைத் திரையில் பெரிசாகப் பார்த்துவிட்ட பிறகு யாருடைய பதிலும் பழைய பதிலாக இருக்காது. சிவந்திருப்பதைப் பார்த்தவருக்கு இல்லாத வலியும் வரும். "க்ளீனா இருக்கு" என்று கேட்டவர் இருக்கிற வலியையும் எழுதமாட்டார்.

பென்சில் வேண்டாம், பேனா கொடுங்கள். ஒரு பாடகி 'சில பாட்டுகளை விட்டுவிட வேண்டியதாயிற்று' என்ற வரியில் முதலில் 0-ஐ வட்டமிட்டார். இரண்டு கேள்வி தாண்டிப் போனவர் திரும்பி வந்து அதை அடித்தார். 2 போட்டார். பேனா அங்கேயே நின்றது. அதையும் அடித்துவிட்டு 4. ரப்பர் இருந்திருந்தால் என் கைக்கு வெறும் 4 வந்திருக்கும். அடித்தல் திருத்தல் இருக்கிற வரியில்தான் நீங்கள் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

4. "இதுக்கு என்ன போடறது?" என்று கேட்டால் பதில் சொல்லிக் கொடுக்காதீர்கள். "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்பதோடு நிறுத்துங்கள். கண் சரியாகத் தெரியாத பெரியவருக்கு வாசித்துக் காட்டலாம், ஏற்ற இறக்கம் இல்லாமல். வாசித்துக் காட்டியதைத் தாளில் குறித்து வையுங்கள். ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் தமிழாக்குகிற வேலை மட்டும் கூடாது. மொழிபெயர்த்து, திருப்பி மொழிபெயர்த்து, நோயாளிகளிடம் கொடுத்துச் சரிபார்த்த வடிவம்தான் அளவுகோல். அந்தந்த நேரத்துக்கு நீங்கள் சொல்லும் தமிழில் ஆளுக்கு ஒரு தாள் ஆகிவிடும், ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட வழியிருக்காது.

5. இதை மட்டுமாவது மறக்காதீர்கள்: நம் பாடகருக்குச் சுருதியை இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது.

மேற்கத்திய ஆப்பராவில் பாட்டு எந்த ஸ்ருதியில் எழுதப்பட்டதோ பெரும்பாலும் அதிலேயே பாடியாக வேண்டும், பக்கத்தில் முழு வாத்தியக் கூட்டமும் அதற்கென்று வாசிக்கிறது. இங்கே தம்புராவைக் கொஞ்சம் தளர்த்தினால் முடிந்தது. ஐந்தரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்தவர் சத்தமில்லாமல் ஐந்துக்கு வருவார். வயலின்காரர் ஒரு பார்வை பார்ப்பார், மிருதங்கக்காரர் வேறு மிருதங்கம் எடுத்து வருவார், அவ்வளவுதான். சபையில் யாரும் கேட்கமாட்டார்கள். அப்படி இறக்கிக்கொண்ட பிறகு தாளை நிரப்பினால் மேலே போக முடிகிறதா என்ற கேள்விக்கும், பாட முயற்சி அதிகம் வேண்டியிருக்கிறதா என்ற கேள்விக்கும் நல்ல பதில்தான் வரும். எண் குறையும். நீங்கள் "இம்ப்ரூவ்மெண்ட்" என்று எழுதுவீர்கள். உள்ளே வீக்கம் போன மாதம் போலவே உட்கார்ந்திருக்கும்.

ஆகவே தாளின் மேல் ஓரத்தில் தேதிக்குப் பக்கத்தில் கட்டையையும் எழுதுங்கள். இப்போது எந்தக் கட்டை, போன வருஷம் எந்தக் கட்டை, எப்போது மாற்றினீர்கள், யார் சொல்லி மாற்றினீர்கள். வயதாக ஆகக் கட்டை இறங்குவது இயல்பு, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒரே சீசனுக்குள் அரைக் கட்டை இறங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

ஆட்கள் இதற்கு வேறு வழிகளும் வைத்திருக்கிறார்கள், எல்லாமே தாளின் கண்ணில் படாதவை. தார ஸ்தாயியில் நிரவல் செய்யாமல் மத்தியிலேயே முடித்துக்கொள்வது, ஆலாபனையைச் சுருக்கிவிட்டு வயலினுக்கு நீளமாக இடம் விடுவது, தனி ஆவர்த்தனத்தைச் சீக்கிரமே விட்டுத் தொண்டைக்கு ஓய்வு தேடுவது, பின்னால் உட்கார்ந்திருக்கும் சிஷ்யையை மேல் ஸ்தாயியில் பாடவிடுவது. இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நீங்கள் கச்சேரிக்குப் போயிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒன்றிரண்டாவது போங்கள். இலவசக் கச்சேரிகளுக்கா இந்த ஊரில் பஞ்சம்?

6. சில கேள்விகள் நம் மண்ணில் வேறு மாதிரி விழும்.

மேல் குரல் வருகிறதா என்பது ஒன்று. அதைக் கேட்டதும் மெல்லிசைக்காரர் ஒன்றை நினைப்பார், கர்நாடகப் பாடகர் வேறொன்றை நினைப்பார். கள்ளக்குரலில் போவதே தப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் "அது எனக்கு வேண்டாம்" என்ற பொருளில் சைபர் போட்டுவிடுவார். கேள்வியை மாற்ற உங்களுக்கு உரிமையில்லை. ஆனால் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்: அகாரத்தில் தார ஸ்தாயி எதுவரைக்கும், மெதுவாகப் பாடினால் எதுவரைக்கும்.

குரலால் பணம் போய்விடுமோ என்ற கவலை இன்னொன்று. டிசம்பரில் மத்தியானக் கச்சேரி கிடைத்த இளம் பாடகிக்கு அதில் பெரிய வருமானம் ஏதுமில்லை. அவர் மனமாரச் சைபர் போடுவார். ஆனால் அந்த ஒரு கச்சேரி சரியாகப் போகாவிட்டால் அடுத்த வருஷம் மாலை வேளைக்கு அவரை யார் கூப்பிடுவார்கள்? அந்தக் கவலைக்குத் தாளில் கட்டம் இல்லை, நீங்கள்தான் வாயால் கேட்க வேண்டும்.

7. எண்ணை விட்டுவிட்டு விடைகளின் அமைப்பைப் பாருங்கள்.

என்னிடம் அடிக்கடி வருகிற இரண்டு வகைத் தாள்களைச் சொல்கிறேன். ஒன்றில் மொத்தம் 31. 144-க்கு 31 என்றால் லேசுதான் என்று தோன்றும். திறந்து பார்த்தால் நெடுக 0, 1, நடுவில் மூன்று இடத்தில் மட்டும் 4: மேலே போக முடியவில்லை, பாட்டுகளை விட்டுவிட்டேன், வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து உயரமாக நின்றால் நாணின் ஓரத்தில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டுக்கொண்டு ஸ்ட்ரோபோஸ்கோப்பிக்கு அனுப்புங்கள். இன்னொன்றில் மொத்தம் 96. பல இடத்தில் 3, வெட்கம், பயம், நம்பிக்கையின்மை எல்லாம் 4. உள்ளே பார்த்தால் நாண்கள் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். கழுத்துத் தசைகள் மட்டும் கயிறு மாதிரி இறுகிக் கிடக்கும். மேடையில் ஒருமுறை குரல் உடைந்ததிலிருந்து ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பிடித்துக்கொண்டே பாடுகிறவர்.

யாருக்கு அதிக உதவி வேண்டும்? 96-காரருக்குத்தான் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். 31-காரருக்குத்தான் என்றும் சொல்ல வேண்டாம். இருவருக்கும் வேறு வேறு உதவி வேண்டும்.

8. தாளில் வருகிற எண்ணும் கருவியில் தெரிகிற படமும் ஒத்துப்போகாது என்பது இந்தத் துறையில் பலமுறை சொல்லப்பட்டதுதான். இரண்டும் அளப்பது வெவ்வேறு பொருளை. ஆகவே படம் சுத்தமாக இருப்பதைக் காட்டி "எல்லாம் உங்க மனசுலதான்" என்ற வாக்கியத்தை ஒரு பாடகரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் அதற்குப் பிறகு யாரிடமும் போகமாட்டார். தேனும் மிளகும் அதிமதுரமும் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு நிஜமான நாட்யூலோடு வருவார்.

9. தாளை வாங்கிய கையோடு பாடச் சொல்லுங்கள். ராபர்ட் பாஸ்டியனும் உடன் பணியாற்றியவர்களும் 1990-இல் எழுதிய எளிய சோதனை இன்றைக்கும் உதவுகிறது: மேல் ஸ்தாயியில், மிக மிக மெல்லிய குரலில், தெரிந்த மெட்டு ஒன்றின் முதல் அடியைப் பாட வேண்டும். சத்தமாகப் பாடினால் எல்லோரும் எப்படியோ தாட்டிவிடுவார்கள். மெல்லப் பாடும்போது தொடக்கம் தாமதமாகிக் காற்று மட்டும் வந்தால் வீக்கம் இருக்கலாம். நம் பாடகர்களுக்கு அவர்கள் கட்டையிலேயே தார ஷட்ஜத்தில் தொடங்கி, பூனைக்குட்டி அளவு குரலில் ஸ்வரம் ஸ்வரமாக ஏறச் சொல்வேன். அவர்கள் நல்ல வாத்தியார்களிடம் படித்தவர்கள், சொன்னதும் புரிந்துகொள்வார்கள். தாளில் 0 போட்டவர் இங்கே திணறினால் நம்ப வேண்டியது காதை.

10. தாளே கொடுக்கக் கூடாத நேரமும் உண்டு. கச்சேரி நடுவில் சட்டென்று குரல் போனவர் வந்தால் பேனாவைத் தேடாதீர்கள். நாணில் ரத்தக்கசிவாக இருக்கலாம். அன்றைக்கே இ.என்.டி. மருத்துவர் பார்க்க வேண்டும், பார்க்கும்வரை பேச்சும் கூடாது. மூச்சு விடும்போது சத்தம், கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம், புகைபிடிப்பவரின் விடாத கரகரப்பு இவையும் அப்படியே. பொதுவாகக் கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நின்றால் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும் என்பது 2018-இல் திருத்திய அமெரிக்க இ.என்.டி. வழிகாட்டுதல். பாடிப் பிழைப்பவருக்கு அந்த நான்கு வாரமும் காத்திருக்க வேண்டாம் என்று அதுவே சொல்கிறது.

11. அமிலம் மேலே ஏறுவதற்கான ஒன்பது கேள்வித் தாள் ஒன்று எல்லா இ.என்.டி. அறையிலும் கிடக்கும். 2002-இல் பெலாஃப்ஸ்கி குழுவினர் வெளியிட்டது, 45-க்கு 13-ஐத் தாண்டினால் சந்தேகம். பாடகர்களிடம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கரகரப்பு, தொண்டையைச் செருமுவது, ஏதோ அடைத்த மாதிரி இருப்பது என்று அது கேட்கிறவற்றில் பாதி, தொண்டையை இறுக்கிப் பாடுகிற எவருக்கும் இருக்கும். மாத்திரைச் சீட்டோடு போனவர்கள் மாதக்கணக்கில் அதையே விழுங்கிவிட்டு, இறுக்கம் இம்மியும் குறையாமல் திரும்பி வருவதை நான் பார்த்துச் சலித்துவிட்டேன். ராத்திரி பதினொன்றுக்குக் கச்சேரி முடித்து வந்து சாம்பார் சாதம் சாப்பிட்டவுடன் படுக்கிறவர்களுக்கு அமிலமும் ஏறத்தான் செய்யும், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

12. பையன்களுக்குப் பெரியவர்கள் தாளைக் கொடுக்காதீர்கள். மகரக்கட்டு வந்த பதிமூன்று வயதுக்காரன் ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் 4 போடுவான், நியாயம்தான், அவன் குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு வேண்டியது விளக்கம். அம்மாவுக்கு வேண்டியது, அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளும் தைரியம்.

13. தாள் உங்கள் அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

சங்கீத உலகம் சின்னது. இன்னார் குரலுக்கு மருத்துவம் பார்க்கிறார் என்ற பேச்சு காலையில் கிளம்பினால் மாலைக்குள் மயிலாப்பூர் முழுக்கத் தெரிந்துவிடும், நவம்பரில் தெரிந்தால் டிசம்பரில் தேதி போய்விடும். இது தெரிந்துதான் பாடகர்கள் தாளில் குறைத்து எழுதுகிறார்கள். பெயருக்குப் பதில் எண் போடுங்கள். காத்திருக்கும் இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பக்கவாத்தியக்காரர் உங்கள் சொந்தக்காரராக இருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் இரண்டாவது தாள் முதல் தாளைவிட உண்மையாக வரும். எண் ஏறியிருப்பதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று பயந்துவிடாதீர்கள்.

14. மறுபடி கொடுக்கும்போது அதே தாள், அதே மொழி, கூடுமானால் அதே மாதிரி வாரம்.

முதல் வாய்ஸ் ஹேண்டிகேப் இண்டெக்ஸுக்கு 18 புள்ளி மாறினால்தான் மாற்றம் என்று அதை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். அந்தப் பதினெட்டைத் தூக்கிப் பாடகர் தாளின் மேல் ஒட்டாதீர்கள், அது வேறு தாள், வேறு மொத்தம். இன்றைக்குக் குரல் எப்படி இருக்கிறது என்று நாளுக்கு நாள் பார்க்க விரும்பினால் ஆஸ்திரேலியாவில் டெப்ரா ஃபைலண்ட் குழுவினர் 2013-இல் இசைநாடகப் பாடகர்களை வைத்து உருவாக்கிய ஈஸ் என்ற தாள் பொருத்தம். அது கேட்பது பாடகரின் இப்போதைய நிலையை.

வாரம் என்று ஏன் சொன்னேன்? டிசம்பர் முதல் வாரத்தில் வந்தவருக்கு 80 வரும். சீசன் முழுக்க உங்களிடம் பயிற்சிக்கு வருவார். ஜனவரி கடைசியில் 35 வரும். உங்களுக்கு மகிழ்ச்சி, துறைத்தலைவருக்கு மகிழ்ச்சி. ஆனால் ஜனவரி கடைசியில் அவர் பாடவே இல்லையே! கச்சேரி இல்லை, விமானப் பயணம் இல்லை, பனியில் நின்று விடியற்காலைப் பஜனை இல்லை. குறைந்தது உங்கள் பயிற்சியாலா, ஓய்வாலா என்று அந்த இரண்டு தாளை வைத்துச் சொல்ல முடியாது. சென்ற ஏழு நாளில் எத்தனை கச்சேரி, எத்தனை மணி நேரம் சாதகம், எத்தனை வகுப்பு என்று தாளின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். கல்யாணக் கச்சேரியும் கோயில் உற்சவமும் வரும் பங்குனி, சித்திரையில் பாடிக்கொண்டிருக்கும் வாரமாகப் பார்த்து ஒரு தாள். பிறகு அடுத்த டிசம்பர் முதல் வாரத்தில் இன்னொன்று, அதே கட்டையில் பாடுகிறாரா என்று கேட்டுவிட்டு.